விழுந்த இடத்தைச் சொல்லும் கெர்னல்

மலேசியாவின் சுங்கை வேயில் சிப் செய்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சிலிக்கான் தகடுகள் வெளியில் எங்கோ அச்சாகி இங்கே வந்து இறங்கும். அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் கால்களோடு இணைத்து, கறுப்புப் பிசினுக்குள் பொதிந்து, ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்புவதுதான் இங்கு நடக்கும் வேலை. 1971இல் சட்டம் வந்த பிறகு ஃபெடரல் நெடுஞ்சாலைப் பக்கம் எழுந்த ஃப்ரீ ட்ரேட் ஸோன் இது. மோட்டரோலாவின் சிப் ஆலை 2004இல் ஃப்ரீஸ்கேல் ஆனது, 2015இல் என்எக்ஸ்பியோடு சேர்ந்தது. பெயர்ப் பலகைதான் மாறியது. அதே வட்டாரத்தில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்டு டிஸ்க் ஆலைக்கு 2018இல் மூடுவிழா அறிவித்தார்கள். என் சின்னம்மா மாதிரித் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஷிப்ட் ஷிப்டாக, கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிய ஊர் இது.

நானும் இங்கேதான் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நாள்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கெர்னல் எழுதச் சொல்லித்தருகிறேன். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறு அதுதான். மெமரி, கடிகாரம், விசைப்பலகை எல்லாவற்றையும் நேராகத் தொட்டு ஆளும் நிரல். பகலில் செய்வதும் ஓய்வு நாளில் செய்வதும் ஒரே வேலை என்பது என் கட்சி.

சோதனைத் தளத்தில் ஒரு பாடம் சீக்கிரமே மண்டையில் ஏறிவிடும்: கேட்டால் பதில் சொல்லாத சிப்பை நம்பி விற்க முடியாது. அதனால்தான் சிப்பை வடிவமைப்பவர்கள் வேறு எதற்கும் உதவாத சுற்றுகளை உள்ளே வைக்கிறார்கள். சோதிக்கிறவன் கேள்வி கேட்க ஒரு வாசல் வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு இடத்தைக் கொடுக்கிறார்கள். 1990இல் தரப்படுத்தப்பட்ட ஜேடேக் அப்படியொரு வாசல். நாலே நாலு கம்பி போதும், பொதிந்து மூடிய சிப்பின் உள்ளே என்ன நிலவரம் என்று வெளியிலிருந்து படித்துவிடலாம். ஆலைச் சோதனைக்குப் போட்ட அதே வாசல் வழியாகத்தான் இன்று கெர்னல் எழுதுகிறவர்கள் உயிரில்லாத போர்டுக்குள் நுழைந்து பிழை தேடுகிறார்கள்.

புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, சி-யில எழுதலாமா, ரஸ்ட்டா?" அடுத்து, "பூட் லோடரும் நாமளே எழுதணுமா?" இரண்டுக்கும் பதில் உண்டு, ஆனால் இரண்டும் அவசரமில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: "நீ எழுதினது செத்துப்போனா உனக்கு எப்படித் தெரியும்?"

சாதாரண நிரல் செத்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதைப் பிடித்து, 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்றாவது ஒரு வரி எழுதிவிட்டு, மெமரியைச் சுத்தம் செய்துவிடும். கெர்னலுக்குக் கீழே அப்படி யாரும் இல்லை. பிரின்ட்எஃப் இல்லை, கோப்பு இல்லை, மெமரி கேட்டால் கொடுக்க ஆள் இல்லை. சி மொழியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட ஸ்டாக் வேண்டும். அதுகூட நாம் ஒதுக்கிக் காட்டினால்தான் உண்டு. புதுமனை புகுகிறவன் கையோடு தரையும் கொண்டுபோக வேண்டிய கதை.

பழைய பயாஸ் உள்ள கணினி எழும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் வந்ததும் பிராசஸர் பயாஸின் முதல் கட்டளைக்குப் போகும். பயாஸ் தன் வேலைகளை முடித்துவிட்டு வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட் 85, 170 என்று இருந்தால் 'இது பூட் ஆகக்கூடியது' என்று நம்பி, மெமரியில் 31,744ஆம் இடத்தில் வைத்துக் குதிக்கும். அந்த நேரத்தில் நம் நவீன பிராசஸர், 1978இல் வந்த 8086இன் வேஷத்தில் இருக்கும். 16 பிட், ஒரு மெகாபைட் உலகம். அதிலிருந்து 32 பிட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருவதற்குள் ஆரம்பக்காரர்களில் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஆகவே நான் அந்தப் பகுதியை க்ரப் என்ற பூட் லோடரிடம் விட்டுவிடச் சொல்கிறேன். 1995இல் வகுத்த மல்ட்டிபூட் விதிப்படி, நம் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாள எண் அடங்கிய சின்னத் தலைப்பை வைத்தால் போதும். க்ரப் நம்மை 32 பிட் நிலையில், ஒரு மெகாபைட் எல்லைக்கு மேலே இறக்கிவிடும். பூட் லோடர் எழுதுவது தனிச் சுவை. அதைப் பிறகு ருசிக்கலாம்.

கையில் வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். நம் மடிக்கணினியின் லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ என்று இல்லாமல் வெறும் இரும்புக்குக் குறியீடு தரும் கிராஸ் கம்பைலர் ஒன்று. எந்தப் பகுதி மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட் ஒன்று. ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஇஎம்யூ, அதாவது கணினிக்குள் ஓடும் போலிக் கணினி. அது ஆயிரம் முறை செத்தாலும் நம் கணினிக்கு ஒன்றும் ஆகாது.

இனி முதல் வேலை. எல்லாப் பாடங்களும் திரையில் 'ஹலோ' எழுதச் சொல்லும். நான் அதற்கு முன் சீரியல் போர்ட்டைத் திறக்கச் சொல்கிறேன். பிசியின் முதல் சீரியல் போர்ட் 1016ஆம் எண்ணில் இருக்கிறது. வேகத்தை ஒருமுறை அமைத்துவிட்டால், 1021ஆம் எண்ணைப் படித்து அதில் 32 மதிப்புள்ள பிட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் வழி காலி. 1016இல் ஒரு பைட்டை எழுதினால் அது கம்பி வழியே வெளியே போய்விடும். அவ்வளவுதான், இருபது வரிக்குள் அடங்கும்.

திரையைவிட இதில் என்ன மேன்மை? திரையில் எழுதியது, கணினி மறுபடி எழும்போது அழிந்துபோகும். சீரியலில் போனது அடுத்த கணினியில் கோப்பாக நிற்கும். கெர்னல் செத்தாலும் வாக்குமூலம் சாகாது. கியூஇஎம்யூவில் அது நேராக நம் டெர்மினலில் வந்து விழும். நிஜக் கணினிக்குப் போகும்போது கம்பி வாங்க ஜாலான் பசாரில் மின்னணுப் பொருள் கடைகள் இருக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: பழைய பிசியின் பின்பக்கமுள்ள ஒன்பது ஊசி போர்ட்டுக்கு ஆர்எஸ்-232 கம்பி, சிறிய போர்டுகளுக்கு 3.3 வோல்ட் கம்பி. முன்னதைப் பின்னதில் செருகினால் போர்டு கருகிவிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியதும் இப்படித்தான். பல்கலைக்கழகக் கணினியோடு பேசுவதற்காக, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் துணையின்றி வெறும் இரும்பில் ஒரு டெர்மினல் நிரல் எழுதப் போனார். ஒரு பணி ஏ, ஏ என்று அச்சிட, மற்றொன்று பி, பி என்று அச்சிட, பணி மாறுவதைக் கண்ணால் பார்த்தபடி வளர்ந்ததுதான் பிறகு லினக்ஸ் ஆனது. இன்று போன்கள் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் வரை ஓடுவதன் பிறப்பில் கோப்பு முறையும் இல்லை, வலையும் இல்லை. பேச்சு மட்டும் இருந்தது.

பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, உண்மையைப் பேச வேண்டும். அதை ஓர் ஒட்டுக்கடை மேசையில் நடந்த சம்பவத்தைக் கொண்டு சொல்லலாம். பொலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

"அண்ணே, இன்ட்ரப்ட்டைத் திறந்துவிட்டதும் டபுள் ஃபால்ட்னு சொல்லுது. ஆனா என் கோட் ஒன்னுமே செய்யல. சும்மா ஹால்ட் போட்டு நிக்குது, அவ்வளவுதான்."

"எர்ரர் கோட் என்னான்னு வாசி."

"00100047."

"எந்த முகவரில விழுந்துச்சாம்?"

"00000008."

தே தாரிக் ஆறட்டும் என்று தள்ளி வைத்துவிட்டு, இன்டெல் கையேட்டில் டபுள் ஃபால்ட், அதாவது ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே வரும் மற்றொரு பிழை, பற்றிய பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே தெளிவாக இருக்கிறது: டபுள் ஃபால்ட்டின் எர்ரர் கோட் எப்போதும் பூஜ்யம். ஆகவே 00100047 என்று வந்த கணமே இது டபுள் ஃபால்ட் இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் அந்த எண் யாருடையது? பதினறும எண்ணில் 100000 என்பது ஒரு மெகாபைட். க்ரப் நம் கெர்னலை இறக்கிய இடம் அது. 00100047 என்பது கெர்னலுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு கட்டளையின் முகவரி. முகவரி என்று காட்டிய 8, அவன் எழுதிய செக்மென்ட் அட்டவணையில் கோட் பகுதியின் எண்.

நடந்தது இதுதான். சில பிழைகளுக்கு பிராசஸர் ஸ்டாக்கின் மேலே ஓர் எர்ரர் கோட் வைக்கும், சிலவற்றுக்கு வைக்காது. டபுள் ஃபால்ட்டின் எண்ணான எட்டுக்கு வைக்கும் என்று எதிர்பார்த்து தம்பி எழுதியிருந்தான், அது சரியும்கூட. வந்தது பிழையே இல்லை, கடிகாரம் அனுப்பிய இன்ட்ரப்ட், அதாவது 'என்னைக் கவனி' என்ற தட்டல். எர்ரர் கோட் வைக்காமல் வந்ததால் எல்லாம் ஒரு படி நகர்ந்து, முகவரி எர்ரர் கோட்டின் இடத்திலும், செக்மென்ட் எண் முகவரியின் இடத்திலும் அச்சாகிவிட்டன. தகவல் முழுக்க மெய், சீட்டு மாத்திரம் தவறான புட்டியில் ஒட்டியிருந்தது.

கடிகாரம் ஏன் டபுள் ஃபால்ட் வாசலில் வந்து நின்றது? அதற்கு 1981க்குப் போக வேண்டும். பிழைகளுக்கும் இன்ட்ரப்ட்டுகளுக்கும் உள்ள எண்களில் முதல் 32ஐ எதிர்காலத்துக்கு என்று இன்டெல் ஒதுக்கி வைத்திருந்தது. ஐபிஎம் தன் முதல் பிசியைச் செய்தபோது, அதைப் பொருட்படுத்தாமல் டைமரை எட்டாம் எண்ணில் மாட்டியது. அப்போதிருந்த 8088இல் டபுள் ஃபால்ட் என்ற ஒன்றே கிடையாது. அடுத்த ஆண்டு வந்த 80286 அதே எட்டை டபுள் ஃபால்ட்டுக்குக் கொடுத்தது. அந்த மோதல் இன்னமும் தொடர்கிறது. பயாஸ் வைத்துவிட்டுப் போகும் டைமர் நொடிக்குச் சுமார் 18.2 முறை தட்டும். ஆகவே இன்ட்ரப்ட்டைத் திறந்த கண்ணிமைக்கும் நேரத்தில் பொய்யான மரணம். பரிகாரம், 8259 என்ற இன்ட்ரப்ட் கட்டுப்படுத்தி இரண்டுக்கும் புதிய எண்களைக் கொடுத்து, 32 முதல் 47 வரை நகர்த்துவது. அதோடு, ஒவ்வொரு தட்டலுக்கும் 'முடித்துவிட்டேன்' என்று 32ஆம் போர்ட்டில் 32ஐ எழுத வேண்டும். மறந்தால் கடிகாரம் ஒரே ஒருமுறை அடித்துவிட்டு ஊமையாகிவிடும்.

எந்த வாசலிலும் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால்? பிராசஸர் கையாள ஆளில்லாத பிழையிலிருந்து அடுத்ததற்குத் தாவி, மூன்றாவதில் கைவிட்டு நிற்கும், கணினி ரீசெட் ஆகும். திரை மின்னும், க்ரப் வரும், மறுபடி மின்னும். ஒரு துப்பும் கிடைக்காது. தம்பியிடம் தவறான சீட்டாவது இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு குவளை தே தாரிக் முடிவதற்குள் ஆளைப் பிடித்துவிட்டோம்.

நம் பிள்ளைகள் எல்லாரும் அடுத்து ஆசைப்படுவது ஒன்றுதான்: கெர்னல் தமிழில் பேச வேண்டும். இது வளமான பாடம், தவிர்க்காதீர்கள். 'அ' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்: 224, 174, 133. சீரியலில் இந்த மூன்றையும் அனுப்பினால் மறுமுனை டெர்மினலில் அழகாக 'அ' வரும். அதே மூன்று பைட்டைத் திரைக்கு எழுதிப் பாருங்கள். பிசியின் எழுத்துத் திரை 753,664ஆம் இடத்தில் தொடங்குகிறது. வரிக்கு 80 எழுத்து, 25 வரி, ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், ஒன்று உருவம், மற்றது நிறம். அங்கே வருவது கிரேக்க ஆல்ஃபா, ஒரு பிரெஞ்சு மேற்கோள் குறி, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ. மூன்றும் சேர்ந்து ஒரு 'அ' என்று அந்தத் திரைக்குச் சொல்ல ஆளில்லை. பைட்டை எழுத்தாக்கும் வேலையை இத்தனை நாளும் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பது அங்கேதான் உறைக்கும்.

சரி, க்ரப்பிடம் கிராஃபிக்ஸ் திரை கேட்டு வாங்கி, புள்ளி புள்ளியாக எழுத்தை வரையலாம் என்று இறங்கினால் அடுத்த சோதனை. 'கொ' என்பது மெமரியில் க, பிறகு ஒகரக் குறி, இரண்டே குறியீடு. வரையும்போதோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு கொம்பு ககரத்துக்கு முன்னாலும் ஒரு கால் பின்னாலும் உட்கார வேண்டும். சேமித்த வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. பல டெர்மினல்களே இதில் தடுமாறும். யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல்தான் வந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1985இல், முத்து நெடுமாறன் இதே மலேசியாவில் முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். பின்னால் அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலும் ஐபோன்களிலும் குடியேறியது. வெறும் திரையில் ஒரு 'கொ' வரைந்து பார்த்த பிள்ளைக்கு அந்த உழைப்பின் எடை தெரியும். விரிவுரை தேவைப்படாது.

கியூஇஎம்யூவில் ஓடியது நிஜக் கணினியில் ஓடும் என்று நம்பி விடாதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மேசைக் கணினி ஒன்று தேடிப் பிடியுங்கள். பழைய பயாஸும் ஒன்பது ஊசிச் சீரியல் போர்ட்டும் உள்ளதாக இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே முதலில் காட்டிக்கொடுப்பது மெமரி. போலிக் கணினி நமக்குக் கொடுக்கும் மெமரி முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். நிஜ ராமில் போன முறை ஓடியதன் மிச்சம் கிடக்கும். பேஜிங் அட்டவணைக்கு, அதாவது மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வழிகாட்டும் பட்டியலுக்கு என்று 4 கிலோபைட் பக்கம் ஒன்றை எடுத்து, துடைக்காமல் அப்படியே பயன்படுத்தினால், கியூஇஎம்யூ சிரித்துக்கொண்டே ஓடவிடும். நிஜக் கணினியில் அந்தக் குப்பை பிட்டுகள் 'இங்கே பக்கம் இருக்கிறது' என்று பிராசஸரை இல்லாத ஊருக்கு அனுப்பிவிடும்.

இதற்கு ஆலை வழக்கமே மருந்து. சிப்பை 125 டிகிரி செல்சியஸ் போன்ற சூட்டில் மணிக்கணக்காக ஓட்டி, பலவீனமானது இங்கேயே சாகட்டும் என்று விடுவார்கள். பர்ன்-இன் என்று அதற்குப் பெயர். கெர்னலுக்கும் அதைச் செய்யலாம். விடுவிக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டுமென்றே குப்பை எண்ணை நிரப்புங்கள். பூஜ்யத்தை நம்பி எழுதிய கோட் எல்லாம் உங்கள் மேசையிலேயே விழும், சீரியலும் பக்கத்திலேயே இருக்கும். போலிக் கணினிக்கு மெமரியைக் குறைத்துக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் கோப்பைப் படியுங்கள்.

பிசியின் இந்தப் பழைய பஞ்சாங்கம் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ரிஸ்க்-ஃபைவ் இருக்கிறது. ஒரு மெகாபைட் வேஷம் இல்லை, எட்டாம் எண் தகராறு இல்லை. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவினரின் சக்தி பிராசஸர் 2018இல் லினக்ஸை எழுப்பிக் காட்டியது இந்த வழியில்தான். எம்ஐடியின் பாடக் கெர்னலான எக்ஸ்வி6கூட இப்போது ரிஸ்க்-ஃபைவில் இருக்கிறது. அதன் மூலத்தை வரி விடாமல் படியுங்கள். சிறியது, ஒரு மாணவர் முழுதாக மனத்தில் வாங்கிக்கொள்ளக்கூடியது. அதிலும் தொடக்கத்திலேயே எழுந்து நிற்பது கன்சோல், அதாவது வாய்.

அதில் 'பேனிக்' என்றொரு சின்ன ஃபங்ஷன் வரும். செய்தியை அச்சிட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும், அவ்வளவே. இது யூனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்து வரும் சொத்து. மல்ட்டிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் வேலை செய்த டாம் வான் வ்லெக், தான் எழுதும் கோடில் பாதி பிழையிலிருந்து மீளுவதற்கே போகிறது என்று யூனிக்ஸ்காரரான டென்னிஸ் ரிட்சியிடம் சொன்னாராம். யூனிக்ஸில் அதெல்லாம் விட்டுவிட்டோம், பேனிக் ஆகும், நடையில் குரல் கொடுத்து மறுபடி போடச் சொல்வோம் என்றாராம் ரிட்சி. சிரித்துவிட்டுப் போகிற கதை அல்ல. மீளத் தெரியாத கெர்னலை எழுதலாம். ஆரம்பத்தில் எல்லாருடையதும் அப்படித்தான். ஆனால் ஏன் நின்றோம் என்று அந்த யூனிக்ஸும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் நின்றது.

ஆகவே என் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் தேர்வில் புது வசதி எதையும் கேட்பதில்லை. ஒருவர் கெர்னலை அடுத்தவரிடம் கொடுத்து, கொல்லச் சொல்கிறேன். பூஜ்யத்தால் வகுக்கலாம், இல்லாத முகவரியில் எழுதலாம், ஸ்டாக்கைத் தின்று தீர்க்கலாம். சீரியலில் மூன்று விஷயம் வந்தாக வேண்டும்: என்ன பிழை, எந்தக் கட்டளையில் விழுந்தது, பக்கப் பிழை என்றால் எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது. மூன்றாவது, சிஆர்2 என்ற ரெஜிஸ்டரில் தயாராக இருக்கும். படித்து அச்சிட்டால் போதும். மூன்றும் மெய்யாக வந்தால் தேர்ச்சி. அந்தக் கெர்னலுக்கு விசைப்பலகைகூடத் தெரியாமல் இருக்கலாம், அது அடுத்த மாதம் வந்துவிடும். மௌனமாக ரீசெட் ஆகிறதா, எத்தனை அழகான ஜன்னல்கள் வரைந்திருந்தாலும் சரி, சோதனைத் தளத்தில் அதற்கு இடம் நிராகரித்த கூடைதான்.